ஆர்க்கிடெக்சர் இன்டர்ன்ஷிப்: ஊரிலேயே இருப்பதா, திருவனந்தபுரம் போவதா, பெங்களூரு ஏறுவதா?

பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு முடியும்போதே இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. ஒரு செமஸ்டர் முழுக்க வெளியே ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும், எங்கே எடுப்பது? களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் வீடு உள்ள மாணவர்களுக்கு இதில் குழப்பம் கொஞ்சம் கூடுதல். நாகர்கோவிலில் அலுவலகங்கள் இருக்கின்றன. ரயில் ஏறினால் திருவனந்தபுரம். சீனியர்கள் பெங்களூருவைத்தான் சொல்கிறார்கள். நடுவில் ஓர் இன்டீரியர் நிறுவனம், "நாளைக்கே வந்து சேருங்க, மாசம் பணமும் தர்றோம்" என்கிறது. வீட்டிலோ அம்மா, "பக்கத்துல இருந்து படிச்சா என்ன மக்களே?" என்று கேட்கிறார்.

இந்த வாய்ப்புகளை வரிசையாக எடைபோட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும். நீங்கள் வரையும் டிராயிங்கை உட்கார்ந்து திருத்தப்போகிறவர் யார், அது கட்டடமாக எழும்புவதை நீங்கள் நேரில் பார்ப்பீர்களா என்ற இரண்டும்தான் அந்த ஆறு மாதத்தின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. பெரிய பெயருள்ள அலுவலகத்தில் இந்த இரண்டும் இல்லாமல் போவதுண்டு. மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேஜை போட்டு நடத்தும் அலுவலகத்தில் இரண்டும் கிடைப்பதும் உண்டு.

## எதை வைத்து அளப்பது

கல்லூரி ஏற்குமா? இதில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவருக்குக் கீழேதான் பி.ஆர்க். மாணவர் பயிற்சி எடுக்க வேண்டும். அவருக்கு இத்தனை ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்றும் கல்லூரி கேட்கும். நம் பக்கத்தில் வீட்டு பிளான் போடும் அலுவலகங்கள் நிறைய. அவற்றில் பலவற்றை நடத்துபவர்கள் சிவில் இன்ஜினியர்கள். வேலை தெரிந்தவர்கள், நிறைய வீடு கட்டியவர்கள். ஆனாலும் அங்கே எடுத்த பயிற்சி பி.ஆர்க். கணக்கில் சேராமல் போகலாம். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி, பதிவான ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர்த்து இருக்கும். கேட்க வெட்கப்பட வேண்டாம். கவுன்சிலின் இணையதளத்தில் தேடியும் பார்க்கலாம்.

திருத்துவது யார்? நேர்முகத்தில், "என் டிராயிங்கை யார் சார் பார்ப்பாங்க?" என்று கேளுங்கள். ஓர் ஆளைக் காட்டி, "இவங்க பார்ப்பாங்க" என்றால் நல்ல அறிகுறி. "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சைட்டுக்குப் போக முடியுமா? வாரத்துக்கு எத்தனை முறை, யாருடன், போக்குவரத்துச் செலவு யாருடையது, மூன்றையும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகள் இன்னும் இரண்டு கேட்க வேண்டியிருக்கிறது: சைட்டில் கழிவறை இருக்கிறதா, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள். இந்த இரண்டையும் கேட்டதற்காக முகம் சுளிக்கும் அலுவலகத்தை அப்போதே விட்டுவிடலாம்.

பணம். ஸ்டைபெண்ட் (பயிற்சிக்குத் தரும் மாதப் பணம்) எவ்வளவு என்பதைவிடக் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கணக்கு. ஒரு பேச்சுக்கு, பெங்களூருவில் மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள் என்று வையுங்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் 12,000, உள்ளூர்ப் பஸ், மெட்ரோவுக்கு 2,000, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக 1,500. ஆக, மாதம் 5,500 ரூபாய் வீட்டிலிருந்து போக வேண்டும். நாகர்கோவிலில் 3,000 மட்டும் தந்து, பெட்ரோலுக்கு 1,500 போனாலும் 1,500 மிச்சம். மாதத்துக்கு 7,000 வித்தியாசம். ஆறு மாதத்தில் 42,000. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். ஸ்டைபெண்டே தராத அலுவலகங்களும் இருக்கின்றன. முழு நாள் வேலை வாங்கிக்கொண்டு ஒன்றும் தராமல் இருப்பதை, 'கத்துக் கொடுக்கிறோமே' என்று சொல்லி நியாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. குறைந்தது பயணச் செலவாவது தர வேண்டும்.

லேப்டாப்பும் பணத்தில் சேர்ந்ததுதான். சொந்த லேப்டாப் கொண்டுவரச் சொல்கிறார்களா, அதில் ரெண்டர் (கட்டடத்தை நிஜம்போலக் காட்டும் படம்) ஓடுமா என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோகேட், ரெவிட் வரைதல் மென்பொருள் உரிமங்கள் படிப்புக்கு மட்டுமே; அலுவலகத்தின் வேலையை அதில் செய்யக் கூடாது. அலுவலகம் தன் உரிமத்தில் ஓர் இடம் தர வேண்டும்.

வேலையை வெளியே காட்டலாமா? ஆறு மாதம் வரைந்ததில் ஒன்றைக்கூட போர்ட்ஃபோலியோவில் (நம் வேலைகளைக் காட்டும் தொகுப்பில்) வைக்க முடியாது என்று கையெழுத்து வாங்கும் அலுவலகங்கள் உண்டு. சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

## ஊரிலேயே ஒரு சிறிய அலுவலகம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஆர்க்கிடெக்ட், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், ஒரு சைட் இன்ஜினியர் என்று நடக்கும் அலுவலகங்கள். வீடு, கடை, கல்யாண மண்டபம், சின்ன ஆஸ்பத்திரி, சர்ச் ஹால் என்று வேலை வரும்.

இங்கே கிடைப்பது முழுமை. ஐந்து சென்ட் நிலத்தோடு வீட்டுக்காரர் வந்து உட்காருவதிலிருந்து பால் காய்ச்சும் நாள்வரை ஒரு கட்டடத்தின் எல்லாக் கட்டங்களும் உங்கள் கண்முன் நடக்கும். பத்திரத்தைப் பிரித்தால் பழைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கும். 1956 வரை இது திருவிதாங்கூர்ச் சீமை, கடைசிச் சில ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி. அளந்து பார்த்தால் பத்திரத்தில் இருக்கும் அளவும் வேலிக்குள் இருக்கும் அளவும் ஒத்துப்போகாது. அங்கே தொடங்குகிறது உண்மையான ஆர்க்கிடெக்சர். அப்புறம் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையத்தில் சுயசான்றிதழ் முறையில் உடனடி அனுமதி வாங்கலாம். அதாவது, பக்கவெளி (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம்) தவறினால் முன்கூட்டியே பிடிக்க அதிகாரி இருக்க மாட்டார். சரியாக வரையும் பொறுப்பு முழுக்க அலுவலகத்தின் தலையில். இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கு பிளான் போட்டால், கல்லூரியில் ஒரு செமஸ்டர் கேட்ட பாடம் மனதில் உட்கார்ந்துவிடும்.

சைட் பத்து நிமிடத்தில். நீங்கள் காலையில் பிரின்ட் எடுத்துத் தந்த தாளை மதியம் கொத்தனார் கையில் பார்ப்பீர்கள். "மக்களே, பீம் இதுல கீழ இறங்குது. நீங்க காட்டின உயரத்துல ஜன்னல் வச்சா மேல லின்டல் எங்க நிக்கும்?" என்பார். லின்டல் என்பது ஜன்னலுக்கு மேலே சுமை தாங்கும் குறுக்குக் கட்டை. அவர் கேட்பது சரியாக இருக்கும். மேலிருந்து பார்க்கும் பிளானும், குறுக்கே வெட்டிப் பார்க்கும் செக்‌ஷனும் தனித்தனித் தாள் என்று நினைத்து வரைந்தவருக்கு, இரண்டும் ஒரே சுவரைத்தான் சொல்கின்றன என்பது அந்த இடத்தில் புரியும்.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. ஆர்க்கிடெக்ட் பாதி நாள் சைட்டில் இருப்பார். உங்கள் தாளைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பது இரவு ஏழு மணிக்கு. கட்டுமான டிராயிங் முழுத் தொகுப்பாகப் போகாது. ஒரு பிளான், ஒரு எலிவேஷன், மீதியெல்லாம் கொத்தனாரின் அனுபவம். ஆகவே கதவு, ஜன்னல், படிக்கட்டு, கழிவறை என்று விரிவான தாள்கள் வரையும் பழக்கம் வராமலே போகலாம். இன்னொன்று, அப்பாவுக்குத் தெரிந்தவர் என்று போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சரியில்லை என்றால் வெளியே வருவது எளிதல்ல. மாமா வழி, சர்ச் வழி என்று பேச்சு வரும். தெரிந்தவர் மூலம் போனாலும் கால அளவு, ஸ்டைபெண்ட், வேலை ஆகியவற்றைக் கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஊரிலேயே பிற்காலத்தில் அலுவலகம் போட நினைப்பவர்களுக்கும், இதுவரை ஒரு சைட்டைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்கும், வீட்டில் பணம் நெருக்கடியாக உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது.

## திருவனந்தபுரம்: தினமும் போய் வரும் வழி

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு இது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ., குழித்துறையில் ஏறினால் இன்னும் குறைவு. சீசன் டிக்கெட்டில் அலுவலகம் போகிறவர்கள் நிறைந்த ரயில்கள் காலையில் ஓடுகின்றன. களியக்காவிளையிலிருந்து பஸ்ஸுக்குக் குறையே இல்லை.

அங்கே என்ன கிடைக்கும்? முதலில், ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் விட்டுப்போன பரம்பரை. 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தையே ஊராக்கிக்கொண்டு, 2007இல் அங்கேயே மறைந்தவர். அவர் கட்டியதைப் பார்க்க அலைய வேண்டாம். தம்பானூரில் ரயிலை விட்டு வெளியே வந்தால் பஸ் நிலையத்தை ஒட்டிச் சுருள் சுருளாக மேலேறும் இந்தியன் காஃபி ஹவுஸ் நிற்கிறது. உள்ளூர் என்ற பகுதிக்குப் போனால் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம். 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு அந்த வழியில் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஜி. சங்கர் நிறுவிய ஹாபிடாட் குழு மண், மூங்கில் என்று இன்னொரு திசையில் நடந்தது.

பேக்கர் வழிக் கட்டுமானத்தைப் புத்தகத்தில் படித்து நமக்குப் புரிந்துவிட்டதாக நினைப்போம். செங்கலைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட்‌ட்ராப் கட்டுமுறையில் கிட்டத்தட்டக் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், உள்ளே வெயில் குறைவாக இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூச்சில்லாத சுவரில் ஒயர் குழாயை எந்த வரிசையில் விடுவது, ஜன்னல் ஓரத்தில் வெற்றிடத்தை எப்படி அடைப்பது, செங்கல் அளவு ஒரே மாதிரி வராவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் சுவர் எழும்பும்போது பக்கத்தில் நின்றால்தான் தெரியும். கான்கிரீட் தளத்துக்குள் ஓடுகளைப் பதிக்கும் ஃபில்லர் ஸ்லாப்பும் அப்படித்தான். கான்கிரீட்டின் அடிப்பகுதி இழுவிசையைத் தாங்குவதில்லை, அதைக் கம்பிதான் தாங்குகிறது. அந்த இடத்துக் கான்கிரீட்டைக் குறைத்து ஓடுகளை வைக்கிறோம் என்பது கொள்கை. ஓடுகளுக்கு இடையே கம்பி ஓடும் இடைவெளியைத் தரையில் வரைந்து பார்த்தவருக்குத்தான் ஸ்லாப் டிசைன் பிடிபடும்.

இரண்டாவது, தச்சுக் கணக்கு. நம் பக்கத்திலும் இது உண்டு; அங்கே இன்னும் அழுத்தமாக இருக்கிறது. ஒரு கோல் 24 விரல், அதாவது 72 செ.மீ. வீட்டின் சுற்றளவு இந்தக் கணக்கில் பொருந்தி வர வேண்டும் என்று ஆசாரி பார்ப்பார். நீங்கள் முடித்த பிளானில், "சுற்றளவில் நாலு விரல் குறைக்கணும்" என்று ஒரு வரி வரும். நாலு விரல் 12 செ.மீ.; ஒரு பக்கத்தை 6 செ.மீ. உள்ளே தள்ளினால் போதும் என்று தோன்றும். அந்த 6 செ.மீ. போய் உட்காருவது கழிவறையின் அகலத்திலோ மாடிப்படியின் திருப்பத்திலோ. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்காரருக்கு முக்கியமான ஒன்றை மதித்து, அறையையும் கெடுக்காமல் வரைந்து கொடுப்பது இந்தத் தொழிலில் தேவைப்படும் திறமை.

மூன்றாவது, விதிகள். கேரளத்திலும் நகராட்சிக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று என 2019இல்தான் புது விதிகள் வந்தன. நகரங்களில் 2024 தொடக்கத்திலிருந்து கே-ஸ்மார்ட் என்ற அரசு இணையதளம் வழியாக அனுமதி. எல்லையின் இரு பக்கமும் வீடு கட்டிக்கொடுக்கும் அலுவலகங்களுக்கு இரண்டு விதியும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. கேரளப் பக்கத்துப் பாறசாலையில் நிலம் வாங்கி நாகர்கோவில்காரர் வீடு கட்டுவது இங்கே சாதாரணம். பாதி மாணவராக இருக்கும்போதே இரண்டையும் தெரிந்துகொண்டால் வேலை தேடும்போது கை கொடுக்கும்.

இனி கஷ்டங்கள். போக்குவரத்தில் நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் கரையும். ரயில் தாமதமானால் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும். சப்மிஷன் நாளில் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். முதல் இரண்டு மாதம் சுமாராகப் போகும், மூன்றாம் மாதம் உடம்பு சொல்லும். நாகர்கோவிலுக்குத் தெற்கே வீடு உள்ளவர்கள் வாரநாட்களில் அங்கேயே அறை எடுப்பது நல்லது. மலையாளம் பேச வரும் என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்வோம். ஆனால் அனுமதிக் கடிதத்தையும் வில்லேஜ் ஆபீஸ் சான்றையும் படிக்க எழுத்து தெரிய வேண்டும். சேரும் முன் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், கடினமில்லை. ஹர்த்தால் நாளில் போக்குவரத்து நின்றுவிடும் என்பதையும் வருகைக் கணக்கில் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

குறைந்த செலவுக் கட்டுமானம், சூழலுக்கு ஏற்ற வீடு, பழைய கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றில் மனம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. தக்கலை பக்கத்து பத்மநாபபுரம் அரண்மனையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஓட்டுக்கூரையின் சரிவும் மர இணைப்பும் ஏன் அப்படி இருக்கின்றன என்ற கேள்வி உள்ளே இருக்கும். அதற்கு விடை தேடுபவர்களை அந்த ஊர் அலுவலகங்களில் சந்திக்கலாம்.

## பெங்களூரு, சென்னை, கொச்சி: பெரிய அலுவலகம்

இதைப் பற்றிச் சீனியர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கிடைப்பது ஒழுங்கு. தாளுக்குப் பெயரிடுவது முதல் ஸ்ட்ரக்சுரல், பிளம்பிங், ஏசி ஆட்களுடன் டிராயிங்கை ஒத்துப்பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் முறை இருக்கும். ரெவிட்டில் குழுவாக வேலை செய்யும் பழக்கம் வரும். நூறு தாள் கொண்ட ஒரு தொகுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்பதே பாடம்.

கொடுக்கும் விலை, வேலை துண்டு துண்டாக வருவது. ஆறு மாதமும் கார் நிறுத்தும் இடத்தை எண்ணியவர்களும், கழிவறை டைல் தாள் மட்டும் போட்டவர்களும் உண்டு. சைட் வேறு ஊரில் இருக்கும். ரகசிய ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கேதான். பணக் கணக்கை மேலே பார்த்தோம்.

மேற்படிப்புக்கு வெளிநாடு போக விரும்புகிறவர்கள், அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, விமான நிலையம் போன்ற பெரிய கட்டடங்களில் வேலை செய்ய நினைப்பவர்கள் போகலாம். ஒரு நிபந்தனை: அதற்கு முன்பே ஒரு கோடை விடுமுறையிலாவது ஊர் சைட்டில் நின்றிருக்க வேண்டும்.

## இன்டீரியர் நிறுவனம்

பணத்தோடு முதலில் கூப்பிடுவது இவர்கள்தான். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் டிசைன் செய்து, செய்தும் கொடுக்கும் நிறுவனங்கள் நாகர்கோவில் முதல் கொச்சி வரை பெருகியிருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டும் வீடுகள் அதிகமுள்ள பகுதி, வேலைக்குக் குறைவில்லை.

பி.ஆர்க். மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் அங்கே இருக்கிறாரா என்பது. கட்டாயப் பயிற்சி செமஸ்டரை இங்கே வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். இன்டீரியர் டிசைனில் டிப்ளமோ, பி.டெஸ். படிப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்கு இதுவே நேர்வழி.

கற்க இருப்பது என்ன? மில்லிமீட்டர். கட்டடத்தில் ஒரு செ.மீ. தவறினால் பூச்சில் மறையும். மர வேலையில் மறையாது. ஒரு வார்ட்ரோப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளி அகலம் 600 மி.மீ. பக்கப் பலகை 18 மி.மீ. பிளைவுட். உள்ளே நிற்கும் தட்டின் நீளம் என்ன? இரண்டு பக்கத்துக்கும் 36 கழித்து 564 என்று எழுதுவீர்கள். பலகையின் வெளியே 1 மி.மீ. லேமினேட், உள்ளே 0.8 மி.மீ. லேமினேட் ஒட்டினால் ஒவ்வொரு பக்கமும் 19.8 ஆகிவிடும். மிச்சம் 560.4. நீங்கள் எழுதிய 564 தட்டு உள்ளே இறங்காது. ஆசாரி அதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் ஓரத்தைச் சீவுவார். சீவிய ஓரத்தில் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) மறுபடி ஒட்ட வேண்டும்.

பலகையின் ஆழத்துக்கும் கணக்கு உண்டு. எட்டுக்கு நாலு அடி ஷீட் 2440க்கு 1220 மி.மீ. இரண்டடி ஆழம் என்று சரியாக 610 போட்டால், ரம்பம் தின்னும் மூன்று மி.மீ. சேர்ந்து ஒரு ஷீட்டின் அகலத்தில் இரண்டு பலகை வராது. 600 என்று போட்டால் வரும். பத்து மி.மீ. வித்தியாசத்தில் ஷீட் எண்ணிக்கையே மாறிவிடும். வெட்டுப்பட்டியலைத் தானே எழுதி, பட்டறையில் நின்று வெட்டவும் பார்த்த மாணவர், அதற்குப் பிறகு எந்த டிராயிங்கிலும் அளவை யோசிக்காமல் போட மாட்டார். இதற்காகவே ஒரு மாதம் இங்கே இருக்கலாம் என்பேன்.

பொருள் அறிவும் வரும். சிங்க் அடியில் நீர் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் ஏன், படுக்கையறையில் பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303 ஏன் போதும், மரநார்ப் பலகையான எம்டிஎஃப் நம் ஊர் ஈரத்துக்கு எங்கே தாங்காது என்பதெல்லாம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் வெளிச்சுவரை ஒட்டி வார்ட்ரோப் வைக்கும்போது பின்னால் இடைவெளி விட வேண்டும் என்பதை ஒரு முறை பூஞ்சை பிடித்த பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஒன்று. 'டிசைன் இன்டர்ன்' என்று எடுத்துவிட்டு, வாடிக்கையாளருக்குப் போன் செய்வது, கொட்டேஷன் அனுப்புவது, மாத இலக்கு பார்ப்பது என்று விற்பனை வேலையில் வைப்பார்கள். அல்லது ஆறு மாதமும் முப்பரிமாணப் படம் மட்டும் போடச் சொல்வார்கள். அழகான படம் போட வரும், ஒரு டிராயர் எப்படித் திறக்கிறது என்று தெரியாது. "பட்டறைக்கு வாரம் ஒரு நாள் அனுப்புவீங்களா?" என்று கேட்டால் போதும், நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஊர் சிறிய அலுவலகம் | திருவனந்தபுரம் | பெரிய நகர அலுவலகம் | இன்டீரியர் நிறுவனம் |
|---|---|---|---|---|
| கல்லூரி ஏற்பு | பதிவு எண் பார்க்க வேண்டும் | பெரும்பாலும் சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | பி.ஆர்க்.குக்குச் சந்தேகம் |
| திருத்தும் ஆள் | முதலாளியே. நேரம் குறைவு | அலுவலகத்தைப் பொறுத்தது | குழுத்தலைவர் | பட்டறை ஆசாரியும் சேர்த்து |
| சைட் | தினமும் முடியும் | வாரத்தில் சில நாள் | அரிது | அடிக்கடி |
| கைச்செலவு | மிகக் குறைவு | நடுத்தரம். நேரம்தான் பெரிய செலவு | மிக அதிகம் | குறைவு |
| போர்ட்ஃபோலியோ | அனுமதி எளிது, தாள் குறைவு | நன்றாக அமையும் | கட்டுப்பாடு அதிகம் | படங்கள் நிறைய |
| மொழி | தமிழ் | மலையாளம், எழுத்தும் | ஆங்கிலம் | தமிழ், மலையாளம், பட்டறையில் இந்தி |

## யாருக்கு எது

குழித்துறையிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ வருகிற, உடம்பு ஒத்துழைக்கிற ஒருவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் திருவனந்தபுரம் என்பேன். பெங்களூருவில் கிடைக்கும் ஒழுங்கு படிப்பு முடிந்தபின் வேலையிலும் கிடைக்கும். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு இரண்டு ஊர்க் கட்டுமானத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வாய்ப்பு பிற்பாடு கிடைப்பது கடினம்.

கன்னியாகுமரி, ராஜாக்கமங்கலம் பக்கம் வீடு என்றால் கணக்கு மாறும். அறை எடுக்க முடியாவிட்டால் நாகர்கோவிலில் நல்ல ஆர்க்கிடெக்டாகப் பார்த்துச் சேருங்கள். பயணத்தில் தூங்கி வழிந்து கற்பதைவிட மேல்.

பயிற்சியை இரண்டாகப் பிரிக்கக் கல்லூரி அனுமதித்தால் முதல் பாதி ஊர் அலுவலகம், இரண்டாம் பாதி பெரிய அலுவலகம் என்று வைக்கலாம். மாற்றி வைப்பதை நான் விரும்பவில்லை. சைட் பார்க்காமல் பெரிய அலுவலகத்தில் உட்கார்ந்தால், வரைவது எதற்கு என்றே தெரியாமல் வரைவோம். இன்டீரியர் நிறுவனத்தைக் கோடை விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள்.

## எப்போது கேட்பது, என்ன எழுதி வாங்குவது

காலமும் ஒரு கணக்கு. இங்கே ஆடி, அங்கே கர்க்கடகம், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதம். இருபுறமும் அப்போது புது வேலை தொடங்குவது குறைவு, மழையும் சேர்ந்துகொள்ளும். ஜூனில் சேருகிறவர்கள் அஸ்திவாரம் பார்ப்பது சந்தேகம். ஆனால் ஓணத்துக்கு முன் குடிபோக வேண்டும் என்று அவசரப்படும் வீடுகளின் முடிவு வேலைகளை நிறையப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் சேருகிறவர்களுக்குக் கோடை முழுக்கக் கான்கிரீட் வேலை கண்ணில் படும். எது உங்கள் செமஸ்டர் என்று பார்த்து அதற்கேற்ற சைட் உள்ள அலுவலகத்தைத் தேடுங்கள்.

மூன்று மாதம் முன்பே மெயில் அனுப்ப வேண்டும். போர்ட்ஃபோலியோ பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். கையால் வரைந்தது குறைந்தது இரண்டு, முழு செக்‌ஷன் ஒன்றாவது இருக்கட்டும். ரெண்டர் படங்களை மட்டும் அடுக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். மெயிலுக்குப் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். நம் பக்கத்துச் சிறிய அலுவலகங்களில் நேரில் வந்து நிற்கும் பிள்ளைக்கு மதிப்பு உண்டு.

சேரும்போது கடிதத்தில் இருக்க வேண்டியவை: தொடங்கும் நாள், முடியும் நாள், ஸ்டைபெண்ட், வேலை நேரம், விடுமுறை, ஆர்க்கிடெக்டின் பதிவு எண், போர்ட்ஃபோலியோவுக்கு அனுமதி. லாக்புக்கில் வாரம்தோறும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதத்தை மொத்தமாகக் கடைசி நாளில் எடுத்துப் போனால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

நாலு வாரம் கழிந்தும் ஒருவரும் உங்கள் தாளில் ஒரு கோடு திருத்தவில்லை, சைட்டும் காட்டவில்லை என்றால் கல்லூரிப் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் உடனே பேசுங்கள். அந்தக் கட்டத்தில் இடம் மாற்றக் கல்லூரிகள் பெரும்பாலும் வழி செய்யும். மூன்றாம் மாதத்தில் போய்க் கேட்டால், இருப்பதையே முடித்துவிடச் சொல்வார்கள்.